கை ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு

நடந்துகொண்டே கிட்டார் வாசிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைப்பவர்கள் ஒரு சின்னப் பரீட்சை செய்து பார்க்கலாம். வலது கையால் தலையைத் தட்டிக்கொண்டே இடது கையால் வயிற்றை வட்டமாகத் தடவுங்கள். (பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு!) வந்துவிட்டதா? இப்போது அதை நிறுத்தாமல் பக்கவாட்டில் மூன்று அடி வைத்து, நாலாவது எண்ணிக்கைக்கு வலது குதிகாலைப் பின்னால் தூக்குங்கள். அதுவும் வந்துவிட்டதென்றால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைச் செய்ய வேண்டும். கீழே குனிந்து பார்க்கக் கூடாது. முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கத்து பி.காம் மாணவர்கள் நாலு பேர் ஒரு வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு ஆடிட்டிங் பேப்பரில் அரியர் விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று அவரவர் வீட்டில் இன்னமும் பேச்சு.

அவர்கள் வாசித்தது ராஜா பாட்டோ ரகுமான் பாட்டோ இல்லை. தி ஷாடோஸ். இன்றைக்கு இருபது வயதில் இருக்கிறவர்களிடம் ஷாடோஸ் என்று சொன்னால் ஏதோ பேய்ப் படம் என்று நினைப்பார்கள். இங்கிலாந்துக் குழு அது. பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். அந்த கிளிஃப் ரிச்சர்டு 1940-ல் லக்னோவில் பிறந்து 1948-ல் குடும்பத்தோடு கப்பல் ஏறியவர் என்பது தனிக்கதை. லீட் கிட்டார் ஹாங்க் மார்வின், ரிதம் கிட்டார் ப்ரூஸ் வெல்ச், பேஸ் ஜெட் ஹாரிஸ், டிரம்ஸ் டோனி மீஹன். முதலில் 'தி டிரிஃப்டர்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே பெயரில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் 1959-ல் ஷாடோஸ் ஆனார்கள். 1960-ல் 'அபாச்சி' என்று ஒரு இசை, ஒரு வார்த்தைகூட இல்லாமல் வெறும் வாத்தியம், ஐந்து வாரம் இங்கிலாந்து தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. அது யாரை இறக்கிவிட்டு அங்கே ஏறியது தெரியுமா? கிளிஃப் ரிச்சர்டின் பாட்டை. அந்தப் பாட்டுக்கும் பின்னால் வாசித்தது இதே ஆட்கள்தான். தன் கடைக்கு எதிரில் தானே இன்னொரு கடை போட்ட மாதிரி.

சரி, ஷாடோஸ் ஆம்பூருக்கு எப்படி வந்தார்கள்? ஜோலார்பேட்டை வழியாகத்தான். இந்தப் பக்கம் எது வந்தாலும் ஜோலார்பேட்டை வழியாகத்தானே வரவேண்டும்!

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. ரயில்வே வேலை, மாலையில் இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ், கிறிஸ்துமஸுக்கு பேண்டு. பெரும்பாலானவர்கள் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டார்கள். போகாமல் தங்கிவிட்டவர்களில் ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர், வீட்டில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார். பையன்கள் அவரை 'அங்கிள்' என்பார்கள். அவர் எல்லோரையும் 'மேன்' என்பார். பெண் பிள்ளைகளையும்கூட 'இன்னா மேன்' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய இளமையில் நம் ஊரில் கிட்டார் என்றாலே பாதி ஷாடோஸ்தான். மெட்ராஸில் தி மஸ்டாங்ஸ் என்று ஒரு குழு இந்த மாதிரி வாத்திய இசை வாசித்துக்கொண்டிருந்த காலம். இந்தப் பக்கம் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் ட்விஸ்ட் ஆட்டம் வந்து தியேட்டரே எழுந்து ஆடிய காலம்.

அங்கிள் சொன்ன ஒரே நிபந்தனை: "டியூன் மட்டும் வாசிச்சா அது ஷாடோஸ் இல்ல மேன். நடக்கணும்."

அந்த நடைக்கு ஒரு கதை இருக்கிறது. ஹாங்க் மார்வினும் ப்ரூஸ் வெல்ச்சும் நியூகாஸிலில் ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள். 1958-ல் லண்டனுக்கு வந்தார்கள். அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து ஜெர்ரி லீ லூயிஸ் கச்சேரி செய்ய வந்திருந்தார். (பதின்மூன்று வயது உறவுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறார் என்று தெரிந்து, பயணம் பாதியிலேயே ரத்தானது.) அதே மேடையில் தி ட்ரெனியர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர்கள் குழுவும் வாசித்தது. சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒன்றாக அசைந்து, ஒன்றாகத் திரும்பி, வாசிப்பதே ஆட்டமாக இருந்தது. வெல்ச் அதைப் பார்த்து அசந்துபோனார். கிட்டாரை வைத்து நாமும் இப்படிச் செய்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வந்ததுதான். பிற்பாடு இங்கிலாந்து முழுக்க கிட்டார் வாங்கிய பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று ஷாடோஸ் நடையைப் பழகினார்கள். ட்ரெனியர்ஸ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அடியை உண்டாக்குகிறவன் ஒருத்தன், அடிக்குப் பெயர் வாங்குகிறவன் இன்னொருத்தன். இது அங்கே மட்டும் நடக்கிற விஷயமில்லை. பின்னால் வருகிறது.

ஆக, இந்த நாலு பையன்கள் காப்பி அடித்தது ஏற்கெனவே ஒரு காப்பியை. கேவலமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குழுவை அச்சு அசலாக வாசித்துக் காட்டுவது என்பது உலகம் முழுக்க இருக்கிற விஷயம். பீட்டில்ஸ் வேஷம் போட்டு வாசித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்கள் வேறென்ன செய்கின்றன? ரெகார்டில் இருக்கிற மாதிரியே வாசித்தால்தான் கைதட்டு. ஒரு இடத்தில் மாற்றி வாசித்தால், "தப்பா வாசிக்கிறாண்டா" என்று முன்வரிசை தாத்தா சொல்லிவிடுவார்.

பயிற்சி ஆம்பூரில், லீட் வாசிக்கிற பையன் வீட்டு மொட்டை மாடியில். அவன் அப்பாவுக்கு தோல் வியாபாரம். பாட்டி தினமும் கீழேயிருந்து, "மேல இன்னாடா, கூரை இடியற மாதிரி?" என்று கேட்பார். கிட்டார்கள் கிவ்சன். ஹாங்க் மார்வினிடம் இருந்தது கிளிஃப் ரிச்சர்டு 1959-ல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்த சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டர். இவர்கள் கிவ்சனுக்கு சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். கிட்டத்தட்ட அதேதான் :-)

நடையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. நாலு எண்ணிக்கை ஒரு சுற்று. மூன்று அடி, நாலாவதில் குதிகால் பின்னுக்கு. அதற்குள் உடம்பு கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். மூன்று கிட்டார்களின் கழுத்தும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒருவன் சீக்கிரம் திரும்பினால் அவன் கிட்டாரின் தலை அடுத்தவன் விலாவில் இடிக்கும். இடித்தது, பலமுறை.

பார்க்க ஜுஜுபி. ஆனால் செய்கிறபோதுதான் ஒவ்வொரு பிரச்சினையாக வரும். உட்கார்ந்து பழகுகிறவன் கழுத்தைக் குனிந்து இடது கை விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வாசிக்கிறான். நடக்கும்போது அது முடியாது. கிட்டாரே ஆடுகிறது. ஸ்ட்ராப் நீளமாக இருந்தால் இடுப்பில் மோதும், குட்டையாக இருந்தால் மணிக்கட்டு மடங்கிப் போகும். கேபிள் வேறு காலில் சுற்றும். மூன்று பேரும் வலப்பக்கம் நாலு சுற்று, இடப்பக்கம் நாலு சுற்று போய் வந்தால் மூன்று கேபிளும் ஜடை பின்னியிருக்கும். வயர்லெஸ் வாங்கலாமே என்றால், அந்தப் பணத்தில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பெரிய பிரச்சினை தலைக்குள்ளே. 'அபாச்சி'யின் ராகம் அடியோடு சேர்ந்து வருவதில்லை. ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும், அடுத்தது இரண்டு அடிக்கு நடுவில் விழும். கை அந்த நடுவிலே போகிறபோது காலும் கூடவே நடுவிலே போய்விடும். காலைப் பிடித்து நிறுத்தினால் கை அடியோடு ஒட்டிக்கொண்டு ராகம் மொண்டியாகும். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் டேலி ஆகாத ட்ரயல் பேலன்ஸ் மாதிரி, எங்கே பிழை என்று தேடினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கூட்டினால் மட்டும் இடிக்கும். லீட் பையன் மூன்று மாதம் வாசிப்பை மட்டும் பழகினான். பிறகு நடையை மட்டும் பழகினான். இரண்டும் தனித்தனியே தூக்கத்தில் கேட்டாலும் வரும். சேர்த்தால் எட்டாவது சுற்றில் கவிழும்.

பேஸ் பையனுக்கு மட்டும் முதல் நாளே வந்துவிட்டது.

அவன் குனிந்து பார்க்கவில்லை, எண்ணவில்லை, உதடு அசையவில்லை. பேஸுக்கு நாலே கம்பி, அதான் சுலபம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அங்கிள் மட்டும் ஒரு நாள் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் கால் எங்க மேன் படிச்சுது?" என்று கேட்டார். "தெரியல அங்கிள், வருது" என்றான்.

அன்று திரும்பி வருகிற ரயிலில், வாணியம்பாடி தாண்டிய பிறகு, டிரம்ஸ் பையனிடம் மட்டும் சொன்னான். அவனுடைய தாய்மாமன் பறை வாசிக்கிறவர். குழுவே வைத்திருக்கிறார். இவன் ஆறு வயதிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை மாமாவோடு அடித்தான். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் குச்சி, அடித்துக்கொண்டே முன்னே பின்னே அடவு போட்டு, திரும்பி, குதித்து, பத்துப் பேரோடு ஒன்றாக. அதற்கு முன்னால் இந்த மூன்று அடி, ஒரு குதிகால் என்ன பிரமாதம்?

"ஒரு வருஷமா ஏன்டா சொல்லல?" என்றான் டிரம்ஸ் பையன். பேஸ் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்டவனுக்கும் பதில் தெரியாமல் இல்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே. பறையை 'சாவு மேளம்' என்றுதான் அவனும் சொல்லி வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தாளம் போடுகிறவனை என்ன பெயர் சொல்லிக் கேலி செய்வார்கள் என்று அவனுக்கும் தெரியும். அவனே கேலி செய்திருக்கவும் கூடும்.

2025 வைகாசி ஒன்றாம் தேதி நாலு பேரும் குடியாத்தம் போனார்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவருகிற விழா, வேலூர் மாவட்டமே அங்கேதான் இருக்கும். பம்பை, உடுக்கை, சிலம்பம், புலியாட்டம் என்று தெருவுக்குத் தெரு சத்தம். மாமாவின் குழுவும் வந்திருந்தது.

முதலில் ஒரு ஓரமாக வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். தோலில் இருக்கிற ஈரம் போனால் இறுகும், இறுகினால்தான் கணீர் என்று பேசும். மழைநாளில் இது பெரிய அவஸ்தை, அதனால்தான் இப்போது பலபேர் பிளாஸ்டிக் போட்டுக்கொள்கிறார்கள். மாமா தோல்தான். வேப்பமரச் சட்டம், இழுத்து ஒட்டிய கன்றுத்தோல். ஒரு கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி, மற்ற கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி.

தோல் வியாபாரியின் மகனான லீட் பையனுக்கு ஒரு சந்தேகம். இது எந்த டேனரித் தோல்? மாமா சிரித்துவிட்டார். டேனரிக்குப் போன தோல் பறைக்கு ஆகாது. பதனிட்டால் தோல் மெத்தென்று வளைந்து கொடுக்கும், ஷூவுக்கு அதுதான் வேண்டும். பறைக்கு வேண்டியது முடி நீக்கிக் காயவைத்த பச்சைத் தோல். வளையாது, சத்தம் போடும். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை பூராவும் தோலைப் பதப்படுத்துகிற ஊர்களாக இருக்க, அந்த ஊர்களின் பழைய வாத்தியம் பதப்படாத தோலில்தான் பேசுகிறது. பி.காம் படித்து என்ன, மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்கிற வீட்டில் இது யாரும் சொல்லித் தராத பாடம்.

ஆட்டம் தொடங்கியதும் நாலு பேரும் பார்த்தது காலை மட்டும்தான். யாரும் எண்ணவில்லை. முன்னால் நிற்கிறவர் ஒரு அடி மாற்றி அடிப்பார், அதுதான் உத்தரவு. அடுத்த சுற்றில் பத்துப் பேரும் வேறு அடவுக்கு மாறியிருப்பார்கள். கை நடுவில் எங்கெங்கோ ஓடிப் பின்னல் போடுகிறது. கால் மட்டும் கனமான அடியில் வந்து உட்காருகிறது, தவறாமல். பெட்டி மேளத்துக்கு மெட்ரோனோம் வேண்டும். இவர்களுக்கு அது கணுக்காலிலேயே இருக்கிறது.

இடைவெளியில் டீக்கடையில் வைத்து மாமா இவர்கள் கதையைக் கேட்டார். மொபைலில் அபாச்சியையும் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் சொன்னது:

"நீங்க கைய கத்துக்கினு அப்பால கால சேக்கப் பாக்கறீங்க. வூடு கட்டிட்டு அஸ்திவாரம் தோண்டற கணக்கா கீது. எங்க பசங்க குச்சியத் தொடறதுக்கு முன்னாடி வாயால அடியச் சொல்லிக்கினு ஆறு மாசம் சும்மா நடப்பானுங்க. கால் நின்னாத்தான் கை ஓடும்."

அதன் பிறகு இரண்டு மாதம் மொட்டை மாடியில் கிட்டாரே கிடையாது. வாயால் அபாச்சியைப் பாடிக்கொண்டு மூன்று பேர் நடந்தார்கள். டிரம்ஸ் பையன் வாளியைத் தட்டினான். பாட்டி பயந்தே போனார். மூன்றாவது மாதம் கிட்டாரை மாட்டினார்கள். லீட் பையன் எட்டாவது சுற்றைத் தாண்டினான். பதினாறு, இருபது... முழுசாக ஒரு தடவை முடிந்தபோது யாரும் கத்தவில்லை, பயத்தில் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார்கள்.

கல்லூரி கல்ச்சுரல்ஸ் வந்தது. பையன்களுக்கு ஒரு ஆசை. அபாச்சிக்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் பறை. மாமா குழுவிலிருந்து இரண்டு பேர், கூட பேஸ் பையன். அந்த அடியிலிருந்தே கிட்டாருக்குத் தாவுவது. கேட்கவே ஜோராக இருக்கிறதில்லையா?

நிகழ்ச்சியைக் கவனித்துக்கொண்ட பேராசிரியர், "நல்ல நாளும் அதுவுமா சாவு மேளம் எதுக்குப்பா? வேண்டாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் உறுத்துகிறது.

பையன்கள் கொதித்தார்கள். பிரின்சிபலைப் பார்க்கலாம் என்றார்கள். 2025-ல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது, பறைக்காக. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு 1990-லிருந்து பெண்களைக் கொண்டே பறையாட்டம் ஆடுகிறது, அமெரிக்கப் பேராசிரியை ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். அதையும் சேர்த்துக்கொண்டார்கள். தொல்காப்பியமே ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. அதுவும் சேர்ந்தது. கேஸ் ஸ்ட்ராங்.

அதற்குள் பேஸ் பையனின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதும் அதே வார்த்தை. "வேண்டாம்."

அவர் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். காலை ஏழரை மணி வேன். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பறையைத் தொடக் கூடாது என்று நிறுத்தியது அவர்தான். தம்பியோடு அதற்காகவே சண்டை, நாலைந்து வருஷமாகச் சரியான பேச்சு இல்லை. கிட்டார் கேட்டபோது மட்டும் மறுக்கவில்லை. சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தார். கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, இரட்டைத் தையல் போட்டு ஸ்ட்ராப்பும் தைத்துக் கொடுத்தார். கடையில் விற்கிற எந்த ஸ்ட்ராப்பும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

பையன்கள் பத்மஸ்ரீ பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு அவரிடமும் போனார்கள். வாங்கிப் பார்த்தார். "நல்லது, அவருக்கு குடுத்தது நல்லது" என்றார். "ஆனா எங்க அப்பா கேட்டு வாங்கல இந்த வேலைய. எவன் வூட்ல சாவுன்னாலும் நடுராத்திரில வந்து கூப்புடுவான். போவலன்னா அதுக்கு ஒரு பஞ்சாயத்து. போனா கூலிய தூரத்துல வச்சிட்டு எடுத்துக்கோம்பான். எந்தம்பி அத கலைங்கறான். அவனுக்கு அது கலை. எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வருது. எம்மவன் மேடையில ஏறி அத அடிச்சான்னா, கீழ இருக்கறவன் கலையத்தான் பாப்பான்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பேராசிரியர் சொன்ன வேண்டாமும் அம்மா சொன்ன வேண்டாமும் காதில் ஒரே மாதிரி விழும். பத்மஸ்ரீ பிரிண்ட் பேராசிரியருக்குப் பதில். அம்மாவுக்கு அது பதிலே இல்லை. தமிழ்நாட்டில் இந்த விவாதம் ரொம்ப நாளாக ஓடுகிறது. பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. மாமாவும் அவருடைய கட்சிக்காரர்களும் எங்கள் வாத்தியத்தை நாங்கள் ஏன் கீழே வைக்க வேண்டும், கூலிக்கு அடிப்பதைத்தான் விடுவோம் என்பார்கள். இப்போது சென்னையில் ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்கள் வார இறுதியில் பறை கற்றுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். அவர்கள் வகுப்பு முடிந்து பறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எல்லோராலும் அப்படிக் கழற்றி வைக்க முடிவதில்லை. இதில் யார் சரி என்று இருபது வயதுக்காரர்கள் தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் பேஸ் பையன் முடிவு எடுத்தாக வேண்டும், நிகழ்ச்சிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அவன் பறை வேண்டாம் என்றான். அம்மாவுக்காகவா, பயந்தா, இரண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. லீட் பையனுக்குத்தான் ரொம்ப வருத்தம். அடுத்தவன் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு நாம் வீரம் பேசினோமோ என்று டிரம்ஸ் பையன் அவனிடம் சொன்னானாம்.

கல்ச்சுரல்ஸ் அன்று அபாச்சி மட்டும் வாசித்தார்கள். நாலு பேரும் கறுப்பு கோட்டு, வாடகைக்கு எடுத்தது, டிரம்ஸ் பையனுக்கு மட்டும் தோளில் தொளதொளவென்று. அங்கிள் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொடங்கின அரை நிமிஷத்துக்குக் கூட்டத்தில் பாதிப் பேர் மொபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன பாட்டு, யார் பாடுவார்கள் என்று காத்திருந்திருப்பார்கள். முதல் தடவை மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி, குதிகால் மூன்றும் ஒன்றாகப் பின்னால் போனபோது 'ஓ' என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாலாவது அடிக்கும் கூட்டமே 'ஓய்' போட்டது. இது ஷாடோஸில் கிடையாது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

பாதியில் ரிதம் பையனின் கேபிள் அவன் ஷூவில் சிக்கியது. அவன் தடுமாறுவதற்குள் பேஸ் பையன், தன் சுற்றில் ஒரு அடியைக் கூட விடாமல், அந்த கேபிளைக் காலால் ஒதுக்கிவிட்டு நகர்ந்தான். தெரியாதவர்கள் அதுவும் ஒரு ஸ்டெப் என்று நினைத்திருப்பார்கள். மாமாவின் குழுவில் விழாக் கூட்டத்துக்கு நடுவே அடித்துப் பழகியவனுக்கு, காலடியில் ஏதாவது வந்து விழுவது புதுசில்லை.

மாமா வந்திருந்தார். அம்மாவும் வந்திருந்தார். அம்மா அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார். ஒரே வரிசையில், நடுவில் நாலு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் பையன்கள் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடினார்கள்.

அம்மா முதலில் ஸ்ட்ராப்பைத்தான் இழுத்துப் பார்த்தார். தையல் விட்டிருக்கிறதா என்று. விடவில்லை.

மாமா, "மூணாவதா நின்ன தம்பி ரெண்டு எடத்துல முந்திட்டாரு. கொஞ்சம் நெதானம் வேணும்" என்றார். ரிதம் பையன் தலையாட்டினான். பிறகு அக்கா பக்கம் லேசாகத் திரும்பி, "இவன் கால் மட்டும் எங்கியும் போவல பாத்தியாக்கா?" என்றார்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஸ்ட்ராப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "பாத்தேன் பாத்தேன். மொதல்ல அந்த அரியர முடிக்கச் சொல்லு" என்றார்.

ஆம்பூர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்ததாக டிரம்ஸ் பையன் சொன்னான்.